செக்ரோலில் இல்லாத பேர்

2021 ஜூன் மாதம். நாடு முழுக்கப் பயணக் கட்டுப்பாடு. கொட்டகலை டவுனில் கடைக் கதவுகள் திறக்கவில்லை. ஹட்டன் – தலவாக்கலை ரோட்டில் பஸ் இல்லை. ஆனால் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நின்றார்கள். தேயிலைக்கு ஊரடங்கு கிடையாது தானே. 2020 மார்ச்சில் முதல் தடவை ஊரடங்கு போட்டபோதே தோட்ட வேலைக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். நாடே வீட்டுக்குள் இருந்த நாட்களிலும் எங்கள் அம்மாமார் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

அந்த மாதம் நாங்கள் சில பேர் சேர்ந்து உலர் உணவுப் பொதி கொடுக்கப் போனோம். யாருக்குக் கொடுப்பது என்று ஒரு லிஸ்ட் தேவைப்பட்டது. கேட்ட இடத்தில் கிடைத்தது ஒரே ஒரு லிஸ்ட்தான்: செக்ரோல். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர்களின் பட்டியல். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனோம். ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு பாட்டியும் மூன்று பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். மகள் சவூதியில் வீட்டு வேலை. மருமகன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போனவர். ஹோட்டலை மூடியதும் வேலையும் இல்லாமல், வரவும் முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். பாட்டிக்கு வயதாகிவிட்டதால் தோட்டத்தில் பேர் வெட்டியாகிவிட்டது. எங்கள் கையில் இருந்த லிஸ்ட்டில் அந்தக் காம்பராவுக்கு நேரே ஒருவருமே இல்லை.

"எங்க பேரு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல தம்பி. நீங்க லிஸ்ட்டுல உள்ளவங்களுக்கே குடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

பொதியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் திரும்பி வரும்போது எங்களுக்குள்ளேயே ஒரு சங்கடம். கம்பனியும் அரசாங்கமும் செக்ரோலைப் பார்த்துத்தான் ஆளை எண்ணுகிறது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்! உதவி செய்யப் போன நாங்களும் அதே புத்தகத்தைத்தானே கையில் எடுத்துக்கொண்டு போனோம்? ஒரு பிள்ளைக்குப் பசிக்கிறதா என்று பார்க்க, அந்தப் பிள்ளையின் அம்மா எத்தனை நாள் வேலைக்குப் போனாள் என்று பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

பேர் என்றால் என்ன?

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. தோட்டத்தில் 'பேர்' என்றால் வெறும் பெயர் இல்லை, ஒரு நாள் சம்பளமும் அதுதான். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். வேலைக்கு வராவிட்டால் பேர் இல்லை. அதாவது, ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதையே செக்ரோல்தான் சொல்லும்.

இதற்கு வேர், கோப்பிக் காலத்தில் இருக்கிறது. 1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்த கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். கொலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றோட்டம் எல்லாம் அந்தப் பாதையிலேயே ஆட்களைக் கொன்றன. கங்காணிக்குத் தன் ஆட்களில் எத்தனை பேர் ஒரு நாளைக்கு வேலைக்கு நின்றார்களோ, அந்தத் தலைக்கணக்குக்கு ஒரு காசு கிடைத்தது. 'பென்ஸ் காசு' என்று பெயர். காய்ச்சல் வந்த பிள்ளையோடு ஒரு தாய் காம்பராவில் இருந்துவிட்டால், அவளுக்குப் பேர் இல்லை, கங்காணிக்குக் காசு இல்லை. பிள்ளையின் காய்ச்சல் தோட்டத்துக் கணக்கில் நுழைந்தது இப்படித்தான், ஒரு நஷ்டமாக.

கோப்பிக் காலத்தில் செத்தவர்களின் கணக்கு இந்தியாவிலும் லண்டனிலும் கேள்வியாக எழுந்தபோது, 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளில் ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் வர அது ஒரு தொடக்கம். பிறகு கோப்பியை இலைநோய் அழித்தது, தேயிலை வந்தது, பிள்ளை குட்டியோடு குடும்பமாக ஆட்கள் தங்கினார்கள். 1912இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். லயத்தின் சுத்தம், நோயாளிகளின் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பு தோட்டத்துத் துரை. ஊரில் நோய் வந்தால் அரசாங்கத்தின் பொறுப்பு; தோட்டத்தில் வந்தால் துரையின் பொறுப்பு. அன்றைக்கு விழுந்த இந்தக் கோடு அழியவே இல்லை. பின்னால் வரும் எல்லாக் கதையிலும் அதைப் பார்ப்பீர்கள்.

நோயைத் தடுக்க அப்போது என்ன செய்தார்கள்? ஆட்களைத் தடுத்து வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் வைத்துப் பரிசோதித்து, அம்மை குத்தி, அதன் பிறகுதான் கப்பலில் ஏற்றினார்கள். 2020இல் 'குவாரன்டைன்' என்ற வார்த்தையைப் புதிதாகக் கேட்ட மாதிரி பேசினோம். எங்கள் பூட்டன், பூட்டியின் முதல் அனுபவமே அதுதான். 1916இல் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. இரத்தச் சோகையால் வெளிறிப்போன ஆட்களுக்கு மருந்து கொடுத்தார்கள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தோட்ட முதலாளிகளிடம் விற்றபோது சொன்ன காரணம், புழு போனால் ஆள் கூடுதலாக வேலை செய்வான் என்பது. கக்கூஸ் கட்டப் பணம் கேட்டபோது அதே முதலாளிகள் தயங்கினார்கள். கக்கூஸ் இல்லாத லயத்தில் வெறுங்காலோடு நடந்த பிள்ளைகளுக்குப் புழு திரும்பத் திரும்ப வந்தது.

32 சதம்

தோட்டத்துப் பிள்ளையைச் சட்டம் எப்படித் தனியாகப் பார்த்தது என்று தேடினால், கிடைக்கும் பதில் மனதைக் கஷ்டப்படுத்தும். 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயித்தார்கள். மலைநாட்டில் ஆணுக்கு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கு என்று தனி வரி விழுந்தது சம்பளப் பட்டியலில்தான். 

அதே காலத்தில் தோட்டத்துக்கு வெளியே வேறொரு கதை நடந்தது. 1934 கடைசியில் தொடங்கி 1935 வரை இலங்கையில் பெரிய மலேரியா கொள்ளைநோய். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1935இல் பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயது காணவில்லை. கேகாலை, குருநாகல் பக்கத்துக் கிராமங்கள் மோசமாக அடிபட்டன. உயரமான தோட்டங்களை நோய் பெரிதாகத் தொடவில்லை, குளிர் காப்பாற்றியது. அந்தக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோன சூரியமல் இயக்கத்து இளைஞர்கள்தான், டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா போன்றவர்கள், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: நுளம்பு எல்லோரையும் கடித்தது, ஆனால் செத்தவர்கள் ஏற்கெனவே பட்டினி கிடந்தவர்கள்.

அந்தப் பாடத்தை நாடு படித்தது. சுகாதார சேவை விரிந்தது. யுத்த காலத்தில் அரிசிப் பங்கீடு வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பிள்ளையைக் காப்பது அரசாங்கத்தின் கடமை என்ற எண்ணம் இலங்கையில் வேர்விட்ட காலம் அது. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் அந்த இலவசக் கல்வி முறைக்கு வெளியே, கம்பனியின் கையிலேயே கிடந்தன. ஒரு மடுவம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை. அரசாங்கம் அவற்றை முழுதாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில். முப்பது வருடம் பின்னால்.

அதற்கு நடுவில் 1948 வந்தது. பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. பெரியவர்களின் கதையாகவே இதைப் பேசுகிறோம். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கும் நாடு இல்லை. நாடு இல்லாத பிள்ளைக்குத் துரை மட்டும்தான்.

கூப்பன் காலம்

எங்கள் குழுவில் ஒரு தோழியின் அப்பாயிக்கு 1974 என்று சொன்னால் புரியாது. "கூப்பன் கொறச்ச காலமா?" என்று கேட்பார். 1973இல் உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறின. இறக்குமதிக்கு அரசாங்கத்திடம் காசு இல்லை. அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்கள். கோதுமை மாவின் விலை ஏறியது. கிராமத்தில் ஒரு துண்டு வயல், ஒரு பலாமரம், கிழங்கு நட ஒரு ஓரம் இருந்தது. லயத்து ஜனத்துக்கு அதுவும் இல்லை. ரொட்டி சுட மாவு இருந்தால்தான் அடுப்பு எரியும். அதே நேரத்தில் வேலை நாட்களும் குறைந்தன. பேர் இல்லை, காசு இல்லை, மாவும் இல்லை.

"கீரையப் பறிச்சு உப்பப் போட்டு அவிச்சுக் குடுத்தோம். சின்னதுங்களுக்கு வயித்தால போகும். டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போனா மருந்துத் தண்ணி குடுப்பாங்க. வயித்துல ஒண்ணும் இல்லாதப்ப மருந்து என்ன செய்யும்?" என்று அப்பாயி கேட்டார். பிள்ளைகளை டவுனுக்குப் பிச்சைக்கு அனுப்பியதையும், கொழும்பு, கண்டி பக்கம் வீடுகளுக்கு "சோறாவது கிடைக்கட்டும்" என்று விட்டுவிட்டு வந்ததையும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலர் குடும்பத்தோடு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கிப் போனார்கள்.

நாட்டின் கணக்கில் இது ஒரு சின்ன மேடாகத்தான் தெரியும். 1973இல் ஆயிரம் பிறப்புக்கு 46 ஆக இருந்த சிசு மரணம் 1974இல் 51 ஆனது. அடுத்த வருடம் 45க்கு இறங்கியது. ஆனால் அது எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. தோட்டங்களில் அந்த வருடம் குழந்தைகள் செத்த வீதம் தேசிய சராசரியின் இரண்டு மடங்குக்கும் மேல். சராசரி ஒரு நல்ல போர்வை. தோட்டத்துப் பிள்ளையின் காலைக் கூட மூடிவிடும்.

1973 – 74இல் இரண்டு வலையும் ஒரே நேரத்தில் கிழிந்தன என்பதைக் கவனியுங்கள். ஒன்று எல்லோருக்குமான அரிசிப் பங்கீடு, மற்றது தோட்டத்து வேலையோடு கட்டிய சம்பளம். ஊர்ப் பிள்ளைக்கு ஒன்று கிழிந்தால் பிடிக்க மூன்றாவது ஒன்று, ஒரு துண்டு நிலமாவது, இருந்தது. லயத்துப் பிள்ளைக்கு மூன்றாவது வலை இல்லை.

கிளினிக் கார்ட்

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. செக்ரோலோடு கட்டியிருந்ததெல்லாம் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைக்காம்பராவையே எடுங்களேன். அம்மா மலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப்போக ஓர் இடம், பார்த்துக்கொள்ள ஒரு ஆயா, நடுவில் பால் கொடுக்க வந்துபோக நேரம். நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் வேலை செய்யும் தாய்க்கு இது இன்றைக்கும் இல்லை. தோட்டத்தில் நூறு வருடப் பழக்கம். 1990களில் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு அவை 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' ஆகின. பெயின்ட் அடித்த சுவரும் பயிற்சி பெற்ற பொறுப்பாளரும் வந்தார்கள். எங்களில் பாதிப்பேர் அங்கே வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் 1974க்குப் பிறகு தோட்டத்துக் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு வேறொரு புத்தகத்துக்கு உண்டு. 1973இல் திரிபோஷா சத்துமா திட்டம் தொடங்கியது. 1978இல் விரிவுபடுத்திய தடுப்பூசித் திட்டம் வந்தது. அரசாங்கச் சுகாதாரத் துறையின் மிஸ்ஸிமார் மெல்ல மெல்ல லயத்துக்கும் வரத் தொடங்கினார்கள். பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிளினிக் கார்ட். அதில் பிள்ளையின் பேர், பிறந்த நிறை, போட்ட ஊசி, மாதாமாதம் ஏறும் நிறைக் கோடு. அப்பா பேர் பதிந்தவரா, அம்மா எத்தனை நாள் வேலை செய்தாள் என்று அந்தக் கார்ட் கேட்காது. தோட்டத்துப் பிள்ளைக்கு, அந்தப் பிள்ளை பிறந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்த முதல் பத்திரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஊசியில் இலங்கையின் மற்றப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் இன்று பெரிய வித்தியாசம் இல்லை. சாப்பாட்டில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர், தோட்டத்தில் 32 பேர்.

ஊசி பிள்ளையின் பேரில் வந்தது, சாப்பாடு பெற்றோரின் பேரில் வந்தது. இந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தில் ஒரு பெரும் பங்கு இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பெருந்தொற்றில் என்ன நடந்தது

2020 மார்ச் நடுவில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மூடியதோடு பள்ளியில் கிடைத்த ஒரு வேளைச் சாப்பாடும் நின்றது. ஏப்ரல், மே மாதங்களில் அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது. அது போனது சமுர்த்தி லிஸ்ட் வழியாக. 1995இல் தொடங்கிய சமுர்த்தி தோட்டங்களுக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. "உங்களுக்குத் தோட்டத்துல மாசச் சம்பளம் இருக்கே" என்பதுதான் எப்போதும் சொல்லும் பதில். அதாவது, செக்ரோலில் பேர் இருப்பதால் சமுர்த்தி இல்லை. பேர் இல்லாதவர்களுக்கோ, "நீங்க தோட்டத்து ஆளுங்க தானே, தோட்டத்துல கேளுங்க." 1912இல் போட்ட கோட்டின் இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது.

இன்றைக்கு லயத்தில் வாழ்பவர்களில் பெரும்பாலானோருக்குச் செக்ரோலில் பேர் இல்லை. இளைஞர்கள் கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் நிற்கிறார்கள், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். 2020 அக்டோபரில் பேலியகொடை மீன் சந்தை வழியாக ஹட்டன் வரை தொற்று வந்தபோது, கொழும்பிலிருந்து திரும்பிய பையன்களைத்தான் நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று பார்த்தார்கள். அவர்கள் அனுப்பிய காசு நின்று போனதை அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேர் இருக்கும்போது 'வீட்டில் தனிமைப்படுங்கள்' என்ற அறிவித்தலைக் கேட்டு நாங்கள் சிரித்ததும் உண்டு. பிறகு சிரிப்பு நின்றது.

நாங்கள் போன ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைக் கொஞ்ச நாள் மூடி வைத்திருந்தார்கள். வேலை மட்டும் மூடவில்லை. அப்போது பிள்ளைகளைப் பார்த்தது யார்? அக்காமார். பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பில் ரொட்டியும் போட்டுக்கொண்டு, அப்பாவின் போனில் ஆசிரியர் அனுப்பிய பாடத்தைத் திறக்கப் பார்க்க வேண்டும். சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டும். டேட்டாவுக்குக் காசு வேண்டும். 2021 மார்ச்சில் 1,000 ரூபா சம்பளம் சட்டமானது. கையோடு கொழுந்தின் கிலோக் கணக்கைக் கூட்டிவிட்டார்கள், அரைப்பேர் விழுகிறது என்று பல இடங்களில் புகார் எழுந்தது. அம்மா கூடுதல் நேரம் மலையில் நின்றால், அக்கா கூடுதல் நேரம் அம்மாவாக நிற்க வேண்டும்.

இப்படியே ஒன்றரை வருடம். 2021 அக்டோபர் 21ஆம் தேதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பள்ளிகளைத் திறந்தார்கள். எங்கள் பக்கத்துச் சின்னப் பள்ளிகள் பல அந்தக் கணக்கில் வந்தன. ஆனால் பெரிய வகுப்பில் திரும்பி வராத பிள்ளைகளின் இடம் காலியாகவே இருந்தது. சிலர் கடைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள், சிலர் வீட்டு வேலைக்கு.

அந்தக் காலியிடத்துக்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்பதை அதற்கு மூன்று மாதம் முன்பே நாடு பார்த்திருந்தது. 2021 ஜூலை 15ஆம் தேதி, டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவர், தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தார். மலையகமெங்கும் மக்கள் ரோட்டுக்கு இறங்கினார்கள். நாங்களும் நின்றோம். அந்த வழக்கைப் பற்றி நாங்கள் இங்கே எழுதப் போவதில்லை. வேறொன்றைச் சொல்கிறோம். சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. 16 வயது வரை கட்டாயக் கல்வி 2016இலேயே வந்துவிட்டது. வேலைக்கு வைக்கும் குறைந்த வயதை 14லிருந்து 16க்கு உயர்த்தியது 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998இலிருந்து இருக்கிறது. 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து காணாமல் போனால் அதைக் கவனித்து, லயத்துக்கு ஏறிப்போய்க் கேட்க ஓர் ஆள்தான் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கொட்டகலையை அப்போது உள்ளடக்கியிருந்த நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவில் 2012 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள். நாட்டில் சில பிரிவுகளில் பத்து, இருபதாயிரம் பேர்தான். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு செயலகம்தான் இருந்தது. சிறுவர் விஷயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் இத்தனை மலைக்கு எப்படி ஏறியிருப்பார்? ஒரு கடிதத்துக்காக ஓர் அம்மா நுவரெலியாவுக்குப் போய்வந்தால் அன்றைய பேர் போய்விட்டது. உள்ளூராட்சியும் அப்படித்தான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் காசைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அதைத் திருத்தியது 2018இல். எங்கள் கொட்டகலைப் பிரதேச சபை உருவானதும் அதே காலத்தில். வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அவர் லயத்துக்கு ஒரு தண்ணீர்ப் பீலி போட முடியாது. முப்பது வருடம் இதுதான் சட்டம்.

வேறு மாதிரிச் செய்யலாமா?

செய்யலாம், பக்கத்திலேயே செய்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் கேரளத்தில் அங்கன்வாடிகளை மூடியபோது, அங்கே சாப்பிட்ட பிள்ளைகளுக்கான உணவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கன்வாடி ஊழியர்களிடம் பிள்ளைகளின் பதிவு இருந்தது. அதையே விநியோக லிஸ்ட்டாக வைத்துக்கொண்டார்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டு அரசு, கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளையின் பேரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு, ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் என்று அறிவித்தது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிள்ளையின் பேரில் ஒரு கணக்குத் திறக்கலாம் என்பதைத்தான் சொல்கிறோம்.

இங்கே என்ன வேண்டும்? புதிதாகப் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. மிஸ்ஸியிடம் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஐந்திலிருந்து மேலே உள்ளவர்களின் வரவுப் புத்தகம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் வீட்டுப் பதிவு இருக்கிறது. நோய்க்காலம் வந்த அன்றே இந்த மூன்றையும் ஒன்றாக வைத்தால், விடுபட்ட பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். பள்ளியும் பிள்ளைக்காம்பராவும் மூடினால் அங்கே கிடைத்த சாப்பாடு லயத்துக்குப் போக வேண்டும். தேயிலை அத்தியாவசிய சேவை என்றால், தேயிலை பறிப்பவளின் பிள்ளையைப் பார்ப்பதும் அத்தியாவசிய சேவைதான். ஆயாவுக்கு முகக்கவசமும் சம்பளமும் கொடுத்துத் திறந்து வையுங்கள். அம்மா வெளிநாட்டில் என்றால் காசைப் பாட்டியின் கையில் கொடுக்க வழி வேண்டும். பள்ளி திறந்து ஒரு மாதத்துக்குள் வராத பிள்ளையின் வீட்டுக் கதவை யாராவது தட்ட வேண்டும்.

இதெல்லாம் கழிந்துபோன கொரோனாவுக்கு இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மாவு விலை ஏறியபோது, 1974ஐக் கண்ட கிழவிகள் மறுபடி கீரைக்குப் போனார்கள். 2023இல் சமுர்த்தியின் இடத்தில் அஸ்வெசும வந்தபோதும் முதல் சண்டை 'லிஸ்ட்டில் பேர் இருக்கா?' என்பதுதான். அடுத்த நோயும் வரும். வரும்போது எந்தப் புத்தகத்தைத் திறப்பார்கள் என்பதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

அந்தப் பாட்டியிடம் ஒரு வாரம் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை செக்ரோல் கொண்டுபோகவில்லை. வீட்டில் யார் யார், என்ன வயது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். சின்னவளின் வயதைக் கேட்டதும் பாட்டி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அதற்குள், சொப்பிங் பேக்கில் சுற்றி, மூன்று கிளினிக் கார்ட். ஓரம் கிழியாமல், ஈரம் படாமல் வைத்திருந்தார். சின்னவளின் நிறைக் கோடு நாலு மாதமாக ஏறவில்லை, கீழே சரிந்திருந்தது. பேர் அழகான கையெழுத்தில், முழுதாக எழுதியிருந்தது.

எந்தப் புத்தகத்திலும் பேர் இல்லை என்று அவர் சொன்னது சரியில்லை. பேர் இருந்தது. அந்தப் புத்தகத்தைக் கேட்கத்தான் அதுவரை யாரும் வரவில்லை, நாங்கள் உட்பட.